எமிலைப் பார்த்தவர் இனி யாருமில்லை

ஓடுகிறோம். நிலவறைப் படிகளில் இறங்கி ஓடுகிறோம். வெளியே அபாயச் சங்கு அலறுகிறது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி. அம்மாவின் கையில் என் கை. அவள் இடுப்பில் தம்பி எமில். எனக்கு ஆறு வயது. அவனுக்கு மூன்று. 1945, மார்ச் மாதம். ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர். போர் முடியப்போகிறது என்று பெரியவர்கள் கிசுகிசுத்த நாட்கள்.

விமானங்கள் முதலில் காதில் கேட்கவில்லை. பல்லில் கேட்டன. பிறகு சீழ்க்கை. தரை எங்களைத் தூக்கிப் போட்டது. விளக்கு அணைந்தது. புகை.

"சுவரை உடைங்க! பக்கத்து வீட்டுக்குப் போங்க!" இருட்டில் யாரோ கத்தினார்.

உடைத்தார்கள். ஒரு ஆள் நுழையும் அளவு ஓட்டை. அம்மா என்னை முதலில் தள்ளினாள்.

"போ, கெர்டா! தம்பியை வாங்கிக்கோ!"

கை நீட்டி நிற்கிறேன். எமிலின் தலை ஓட்டையில் தெரிகிறது. சீழ்க்கை. அடுத்த குண்டின் சத்தம் எனக்குத் தெரியாது. அதற்குள் காது அடைத்துவிட்டது. சுவர் இருந்த இடத்தில் செங்கல் குவியல்.

மறுநாள் அம்மாவைத் தோண்டி எடுத்தார்கள். உயிர் இருந்தது. எமில் கிடைக்கவில்லை. அப்பா போர்முனையிலிருந்து திரும்பவில்லை. வீடு எரிந்தது. புகைப்படங்கள் எல்லாம் அதோடு போயின.

அந்தக் கோடையில் ஒரு விவசாயியின் தொழுவத்தில் தங்கியிருந்தோம். அம்மா ஒரு கரித்துண்டைக் கொடுத்தாள். கிழிந்த அட்டை ஒன்றையும் கொடுத்தாள்.

"எமிலை வரை."

வரைந்தேன். பார்த்தாள். "இல்லை." மறுபடி வரைந்தேன். "இல்லை." அழவில்லை. திட்டவில்லை. அந்த ஒரு சொல்தான்.

அப்படித்தான் நான் முகம் வரைகிறவள் ஆனேன். பிறகு கலைப்பள்ளி. மருத்துவர்களை வரைந்தேன். அவர்கள் மனைவிகளை, குழந்தைகளை. அச்சு அசல் என்றார்கள். ஒவ்வொரு வருடமும் அம்மாவின் பிறந்த நாளுக்கு ஒரு எமில். ஒவ்வொரு வருடமும் அதே "இல்லை."

விசுவநாதன் என் ஊருக்குப் பொறியியல் படிக்க வந்தவர். திருவனந்தபுரத்துக் கரமனை அக்ரகாரத்துப் பிள்ளை. அவரை மணந்து இங்கே வந்தேன். அந்த வீட்டில்தான் தமிழ் கற்றேன். முதல் வாரம். காலை. பக்கத்துக் கோவிலில் வெடி. ஒன்று. இன்னொன்று. நான் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறேன். வாயில் புடவைத் தலைப்பு.

அவர் தரையில் படுத்து என்னைப் பார்த்தார். "பயப்படாதே. வெடி வழிபாடாக்கும் அது. யாரோ நேர்ந்துண்டு போடறா. குண்டில்லே, கெர்டா."

புரிந்தது. உடம்புக்கு மட்டும் இன்றுவரை புரியவில்லை.

சாலைக் கடைத்தெரு வியாபாரிகள் வந்தார்கள். இறந்துபோன அப்பாவின் சின்னப் படத்தைக் கொடுத்து, கல்லாவுக்கு மேலே மாட்டப் பெரிதாக வரையச் சொல்வார்கள். அதைக் கேள்விப்பட்டுத்தான் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து செல்லத்தாய் வந்தாள். கூடவே புருஷன். மகன் மலை ஓடையில் மூழ்கிப் போய்விட்டான். எட்டு வயது. அவர்களிடம் ஒரு படமும் இல்லை. முடியாது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கேட்டுக் கேட்டு வரைந்தேன். நெற்றி. காது. சிரித்தால் எந்தப் பல். கடைசியில் அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"படம் கொள்ளாம் மதாம்மா. நல்ல பிள்ளதான். ஆனா இது எம்புள்ள இல்ல. வாயி அவனுது இல்ல."

புருஷன் மெதுவாகச் சொன்னார். "எடுத்துக்கிடுவோம்ட்டீ. சும்மா கும்பிடவாச்சும் ஒரு முகம் வேணும்லா."

"வேண்டாம். இதையே பாத்துக்கிட்டு கெடந்தா அவன் மொகம் எனக்கு மறந்துபோவும்."

படத்தை விட்டுவிட்டுப் போனார்கள். அன்று முழுவதும் தூரிகையைத் தொடவில்லை. அம்மாவிடம் என் எமில்கள் எத்தனை இருந்தன என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் குளிர்காலத்தில், ஜெர்மனியில் அம்மா படுத்துவிட்டாள் என்று தகவல் வந்தது. போனேன். மருத்துவமனைக் கட்டில். கடைசியாக வரைந்த எமிலை அவள் முன் பிடித்தேன். இல்லை என்று சொல்லவில்லை. கண்ணை மூடினாள்.

"அவன் முகம் எனக்கே தெரியலை, கெர்டா. எமில்னு நினைச்சா மேல்மாடிப் பையன்தான் வரான்."

"எப்போதிலிருந்து அம்மா?"

படத்தை மெல்ல என் பக்கம் தள்ளினாள்.

மேல்மாடியில் யார் இருந்தார்கள் என்றே எனக்கு நினைவில்லை. அன்றுதான் சொன்னாள். ஒரு யூதக் குடும்பம். அப்பா, அம்மா, மகள், ஒரு சின்னப் பையன். குண்டு விழுவதற்கு இரண்டு மூன்று வருடம் முன்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். பட்டப்பகலில். எங்கள் ஊர்க் காவலர்கள்தான். அம்மா கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். படியிறங்கும்போது அந்தப் பையன் திரும்பி அவளைப் பார்த்தான். அவ்வளவுதான் சொன்னாள். இரண்டு நாளில் போய்விட்டாள்.

விசுவமும் போய்விட்டார். என் கண்ணும் போகிறது. நடுப்பகுதி மட்டும். நேரே பார்த்தால் எதிரில் இருப்பவரின் தோள் தெரிகிறது, முடி தெரிகிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் வட்டம். இனி எமிலைச் சரியாகவே வரைந்தாலும் ஆமாம் என்று சொல்ல ஆளில்லை. இல்லை என்று சொல்லவும் ஆளில்லை.

போனவர்களைச் சொல்கிறேன். நிலவறையில் பதினொரு பேர். அவர்களில் ஒருவன் எமில். போர்முனையில் அப்பா. ஒரு வீடு. அதிலிருந்த அத்தனை படங்களும். மேல்மாடியில் நாலு பேர். அவர்களைக் கொன்றது விமானம் இல்லை.

அந்தப் பையனின் பெயரை அம்மாவிடம் கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை.