தமிழுக்கு ஒருமுறை தட்டவும்

தண்ணீருக்கு நன்றி, இன்ஸ்பெக்டர் சார். வீட்டில் சீரகம் போட்டுக் காய்ச்சி ஆறவைத்ததைத்தான் குடிப்பேன். பரவாயில்லை. இடத்துக்குத் தக்கபடி நடந்துகொள்ளத் தெரிந்தவன்தான்.

என் பெயர் திருஞானசம்பந்தம். முழுப் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் கான்ஸ்டபிள், அந்தச் சிவப்புத் தொப்பிக்காரர், என்னை ஜீப்பில் ஏற்றும்போது "ஏறுய்யா பெருசு" என்றார். அவர் சின்ன வயது. என் கையெழுத்து ஒன்றுக்காகச் சுற்றுவட்டாரக் கொம்யூன் பஞ்சாயத்துச் சனமெல்லாம் தாழ்வாரத்தில் நின்ற காலம் அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை. வரிசையாகச் சொல்கிறேன். நடுவில் மட்டும் பேசாதீர்கள். பேசினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

அந்தக் கிரெடிட் கார்டு எனக்குத் தேவையே இல்லை. ஓய்வூதியம் வருகிறது. நெடுங்காட்டிலிருந்து குத்தகை நெல் வருகிறது. மாங்கனித் திருவிழாவன்று சாமிக்கென்று இறைத்த மாம்பழம் வீதியெல்லாம் பறந்துகொண்டிருந்த நேரத்தில், அகரன் ஒரு குடைக்கடியில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். போலகம் ஊர்ப் பிள்ளை. கார்டு கம்பெனிக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் வேலை. குடையையும் தாண்டி ஒரு பழம் தோளில் விழுந்து சாறு வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்கக்கூட இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

அவர் என்றே சொல்கிறேன். கடைசிவரை அவருக்குரிய மரியாதையில் நான் குறை வைக்கவில்லை.

"சார், இது எல்லாருக்கும் குடுக்குறதில்ல சார். ஒங்கள மாதிரி ஆளுங்களுக்குன்னே வச்சிருக்காங்க" என்றார். "வாழ்நாள் பூரா ஃப்ரீ சார். ஒரு பைசா கேக்க மாட்டாங்க. எனக்கும் இந்த மாச டார்கெட்டு முடிஞ்சிரும்."

பாவம் என்று கையெழுத்துப் போட்டேன். முழுக்க முழுக்க உதவி. கார்டு கறுப்பு நிறத்தில், ஓரத்தில் தங்கக் கோட்டோடு வந்தது. அதை வெளியே தெரிகிற மாதிரி சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்ததாக என் மனைவி அமுதம் உங்களிடம் சொல்லியிருப்பாள். பை சிறியது, அதனால் தெரிந்தது. பெட்ரோல் பங்கில் நூறு ரூபாய்க்குப் போட்டாலும் அதைத்தான் நீட்டுவேன். பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும். ஒரே ஒரு குறை, என் பெயருக்கு அதில் இடம் போதவில்லை. 'திருஞானசம்' என்பதோடு நிறுத்திவிட்டார்கள்.

மார்கழியில் ஒரு கட்டணம் வந்தது. உறுப்பினர் கட்டணமாம். தரவேண்டியதில்லை என்பதால் தரவில்லை. தராததற்கு ஓர் அபராதம் வந்தது. அபராதத்துக்கு வரி வந்தது. பிறகு மூன்றும் சேர்ந்து குடும்பமாகி வட்டி போட ஆரம்பித்தன. தொகை பெரிதல்ல சார். என் பேரனுக்கு அதைவிட விலை கூடிய செருப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். கேட்ட முறைதான் சரியில்லை.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினேன், இந்தி வந்தது. பிறகு ஒரு புல்லாங்குழல் வந்தது. என் அழைப்பு அவர்களுக்கு மிகவும் முக்கியமானது என்று ஓர் அம்மாள் சொல்லிவிட்டுப் போய்விடுவார், மறுபடி புல்லாங்குழல். கடைசியில் ஒரு பெண் வந்து, "வணக்கம் மிஸ்டர் திரு" என்றார். கார்டில் இருந்த பாதிப் பெயரையும் பாதியாக்கிவிட்டார்.

"ஒங்க சிரமத்த முழுசா புரிஞ்சுக்கிறேன் சார். லைன்லயே இருங்க."

இருந்தேன். லைன்தான் இல்லை. மறுபடி கூப்பிட்டால் வேறொருவர். பெயர், பிறந்த தேதி, தாயார் பெயர், எல்லாம் முதலிலிருந்து. என் தாயாரின் பெயரை அவர் உயிரோடிருந்த காலத்தில்கூட நான் அத்தனை தடவை சொன்னதில்லை. ஒவ்வொரு முறையும் புகாருக்குப் புது எண். சாயங்காலம் ஆனால் செல்போனில் செய்தி வரும்: 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?'

அமுதம் இதையெல்லாம் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தக் காச விட்டெறிஞ்சிட்டுப் போங்களேன். பொழுதன்னைக்கும் போனும் கையுமா, எளவட்டப் பய மாதிரி" என்பாள். ஒருநாள் குழம்பைக் கிளறிக்கொண்டே, "ஆபீஸ்ல நீங்க எத்தன பேர அலைய வுட்டீங்க. இப்ப ஒங்கள ஒருத்தன் அலைய வுடுறான். போவட்டும்னு வுடுங்க" என்றாள்.

அவளுக்கு நிர்வாகம் தெரியாது. நான் யாரையும் அலையவிட்டதில்லை. நடைமுறை என்று ஒன்று இருக்கிறது. ஆஸியா பீவி என்று ஓர் அம்மாள், விதவை உதவித்தொகைக்காக வந்துகொண்டிருந்தார். ஒருமுறை சான்று இருக்காது, ஒருமுறை சான்றில் முத்திரை இருக்காது, இரண்டும் இருக்கும்போது நான் இருக்க மாட்டேன். ஒருநாள்கூட அவரிடம் குரலை உயர்த்தியதில்லை. "அடுத்த வாரம் வாங்கம்மா" என்று அம்மா போட்டுத்தான் பேசுவேன். பிறகு அவர் வருவதை நிறுத்திக்கொண்டார். விசாரித்ததில் காலமாகிவிட்டார் என்றார்கள். கோப்பை முறைப்படி மூடினேன். அந்தக் கம்பெனிக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே புரியும். அங்கே புல்லாங்குழல் வாசிக்கிறார்கள்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

அமுதம் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். அகரனைப் போனில் கூப்பிட்டேன். வருகிறேன் என்றார், சொன்னபடியே வந்தார். அந்த விஷயத்தில் கம்பெனியைவிட எவ்வளவோ மேல். வந்து உட்கார்ந்ததும் மூச்சு வாங்கியது. தோள்பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து வாயில் வைத்து அடித்துக்கொண்டு, திரும்பப் பையிலேயே போட்டார்.

"வீசிங் சார். தூசி பட்டா போதும், தூக்கிருது. சின்ன வயசுலேருந்தே இப்புடித்தான்."

"கவனமாக இருங்கள் தம்பி" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

செல்போனைக் கூடத்தில் சார்ஜில் போட்டார். கட்டணத்தைப் பற்றிக் கேட்டேன். "அது எங்க கையில இல்ல சார். கஸ்டமர் கேருக்குத்தான் பேசணும்" என்றார். நானும் தலையாட்டினேன். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கையில் எதுவும் இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் சார், அந்தக் கம்பெனியில் எனக்குக் கை எட்டிய ஒரே ஆள் அவர்தான்.

கம்பெனியிலிருந்து வந்த கடிதம் பின்கட்டு அறையில் இருக்கிறது, நெல் மூட்டைகளுக்குப் பின்னால் அலமாரியில் பாருங்கள் என்றேன். குத்தகை நெல் அந்த வாரம்தான் வந்து இறங்கியிருந்தது. கால் வைத்தால் தூசி முட்டிவரைக்கும் எழும்பும். அந்த அறைக்குச் சன்னல் கிடையாது. எலி வராமலிருக்க அப்படிக் கட்டியது. பையைக் கதவோரம் வைத்துவிட்டு, மூக்கில் கைக்குட்டையைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன்.

கதவை இரண்டு தடவை தள்ளிப் பார்த்தார். பிறகு, "சார், மன்னிச்சுக்குங்க சார். கதவு தானா மாட்டிக்கிச்சு போல. நான் எதுவும் பண்ணல சார்" என்றார். நல்ல வளர்ப்பு.

நான் நாற்காலியை இழுத்துக் கதவுக்கு இந்தப் பக்கம் போட்டுக்கொண்டு, தெளிவாகச் சொன்னேன்: "வணக்கம். தமிழுக்கு ஒருமுறை தட்டவும். ஆங்கிலத்துக்கு இரண்டு முறை. பிரெஞ்சுக்கு மூன்று முறை." காரைக்கால் என்பதால் பிரெஞ்சையும் வைத்தேன். என் தகப்பனார் பிரெஞ்சுக்காரர் காலத்தில் அதைக் கொஞ்சம் படித்தவர்.

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒருமுறை தட்டினார்.

"தண்ணீருக்கு ஒன்று. கழிப்பறைக்கு இரண்டு. கட்டணம் ஏன் வந்தது என்று விளக்க மூன்று. இவற்றை மறுபடி கேட்க நான்கு. எங்கள் அதிகாரியோடு பேச ஒன்பது."

"சூப்பர் சார். அச்சு அசல் எங்க கம்பெனிதான்" என்றார். நான் ஓய்வு பெற்ற பிறகு என் வேலையை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. "போதும் சார், தொறந்து வுடுங்க. இருமல் வருது."

திறப்பதற்கு எண் கொடுக்கவில்லை என்று நினைவூட்டினேன். ஒன்பது முறை தட்டினார். எல்லா அதிகாரிகளும் வேறு வாடிக்கையாளர்களோடு பேசிக்கொண்டிருப்பதாகச் சொல்லிவிட்டு, அடுப்படிக்குப் போய்க் காப்பி கலந்துகொண்டு வந்தேன். புல்லாங்குழல் எனக்கு வராது. அதனால் மேசையில் விரலால் தாளம் போட்டேன்.

"சார், அந்தச் சார்ஜ நானே கட்டிர்றேன் சார். இப்பவே கட்டிர்றேன்."

அது எனக்குப் பிடிக்கவில்லை. பணம் ஒரு பொருட்டா? கதவுக்கு இந்தப் பக்கம் இருப்பவனைப் பணத்துக்கு அலைகிறவன் என்று நினைத்துவிட்டார். தாளத்தைத் தொடர்ந்தேன்.

அப்போது சார்ஜில் இருந்த போன் அடித்தது. 'வினோதா' என்று வந்தது, அவர் மனைவி. எடுத்தேன், எடுக்காமல் விடுவது மரியாதையில்லை.

"அங்கிளா? உங்க வீட்டுக்குத்தான் போறேன்னு சொன்னாரு. அவருகிட்ட குடுங்களேன்."

"அவர் வேறொரு அழைப்பில் இருக்கிறார் அம்மா."

"செரிங்க அங்கிள். காலையிலயே அவருக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. மதியம் ஒரு தடவ அந்த மருந்த அடிச்சுக்கச் சொல்லுங்க. சொல்லலன்னா மறந்துருவாரு. உங்க புள்ள மாதிரி நெனச்சுக்கிட்டு ஞாபகப்படுத்துங்க."

"உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது" என்றேன். தேங்க்ஸ் அங்கிள் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அறைக்குள்ளிருந்து பேச்சு வேறு மாதிரி வந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு விசில். "சார்... பையில... இன்ஹேலர்... கதவ தொறக்க வேணாம் சார்... அடியில தள்ளி வுட்டாக்கூடப் போதும்..."

நியாயமான கோரிக்கை. கதவுக்கு அடியில் இரண்டு விரல் இடைவெளி உண்டு. இன்ஹேலர் தாராளமாக நுழையும். அதை உருட்டிப் பார்க்காமலே சொல்வேன். பை என் நாற்காலிக்குப் பக்கத்தில், காலில் இடிக்கிற மாதிரிதான் இருந்தது. ஆனால் இன்ஹேலருக்கு எண் எதுவும் ஒதுக்கவில்லை. அதைச் சொன்னேன். "உங்கள் சிரமத்தை முழுமையாகப் புரிந்துகொள்கிறேன். லைனிலேயே இருங்கள்" என்றும் சொன்னேன்.

அதன் பிறகு தட்டல்கள் ஒழுங்காக வரவில்லை. மூன்று வரும், நிற்கும், ஒன்று வரும். ஒரு தடவை ஐந்து வந்தது. ஐந்துக்கு நான் எதுவும் வைக்கவில்லை. தட்டல் தெளிவாக இல்லை, மீண்டும் முயற்சிக்கவும் என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். ஒரு முறைகூட அலுத்துக்கொள்ளவில்லை. பிறகு தட்டுவது போய்ச் சுரண்டுவது மாதிரி ஆகிவிட்டது. அதற்குள் காப்பி ஆறிவிட்டிருந்தது.

அதுவும் நின்றது.

எதிர்முனையிலிருந்து பதில் இல்லையென்றால் அழைப்பைத் துண்டித்துவிட வேண்டும். அவர்கள் கம்பெனி வழக்கம் அதுதான். எனக்குப் பலமுறை நடந்திருக்கிறது. "அழைத்தமைக்கு நன்றி" என்று சொல்லிவிட்டு நாற்காலியை எடுத்துப் பழைய இடத்தில் போட்டேன். சாப்பிட்டேன். கொஞ்சம் கண்ணயர்ந்தேன்.

சாயங்காலம் வினோதா வந்தார். போன் எடுக்கவில்லை, வண்டி மட்டும் வாசலில் நிற்கிறதே என்று கேட்டார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. பின்கட்டுக் கதவுக்கு அடியில் எதைப் பார்த்தாரோ, அனுமதிகூடக் கேட்காமல் ஓடிப்போய்த் தாழ்ப்பாளைத் திறந்தார். அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னைப் பேசிய பேச்சையெல்லாம் நான் திருப்பிச் சொல்ல விரும்பவில்லை.

சற்று முன் வெளியே பெஞ்சில் வினோதா உட்கார்ந்திருந்தார். என்னைக் கூட்டிவரும்போது எழுந்து வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஏன் அங்கிள் தொறக்கல?" கூச்சல் இல்லை, சாபம் இல்லை. எனக்குக்கூடக் கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. எழுதிக் கொடுங்கம்மா, பார்க்கலாம் என்றேன். உங்கள் சிவப்புத் தொப்பிக்காரர் அதற்குத்தான் என்னை அறைந்தார். பொதுமக்களோடு பழக அவருக்குப் பயிற்சி தேவை.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். தாழ்ப்பாளைப் போட்டது நான். அவருக்கு வீசிங் என்று தெரிந்தே போட்டேன். மருந்து என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தட்டல் நின்றபோது அது ஏன் நின்றது என்றும் எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன், எங்கே வேண்டுமானாலும் முழுப் பெயரையும் போட்டுக் கையெழுத்திடுகிறேன். கொன்றேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அது தவறான தகவல். நான் அவரைக் காக்கவைத்தேன், அவ்வளவுதான். காக்கவைப்பது குற்றம் என்றால், அரசாங்கம் இத்தனை வருடம் எனக்குச் சம்பளம் கொடுத்தது எதற்கு?