ஐம்பத்தோராவது அலாரம்

அந்தப் பொத்தானை விடுங்கள், ஏட்டையா. அது டைரியில் இருக்கிற கால்குலேட்டர் பொத்தான். எத்தனை குத்துக் குத்தினாலும் கூச்சல் நிற்காது. இடது ஓரம், கீழே, ரப்பர் தேய்ந்த பொத்தான். அதுதான். நின்றுவிட்டதா? மூடியைச் சாத்திவிடுங்கள். எதற்காகக் கத்தியது என்று பிறகு சொல்கிறேன்.

இப்போது பேனாவை எடுங்கள். நீங்கள் எழுதிய தாளில் ஏழாவது வரியில் ஒரு பிழை. 'மேற்படி கண்ணுச்சாமி ஞாபக மறதி உள்ளவர்.' அதை அடிக்க வேண்டும். மற்றதெல்லாம் சரி. மூன்று நாளைக்கு முன்னால் செத்த பொன்னுராஜ் என் தங்கச்சி பாண்டிசெல்வியின் புருஷன் என்பது சரி. எங்கள் மாந்தோப்பில் பன்றிக்குப் போட்ட கரண்டு வேலியில் பட்டுச் செத்தான் என்பது சரி. அன்று காலை சுவிட்சை நான் அணைக்கவில்லை என்பதும் சரி. மறதி என்பதுதான் பொய்.

உங்கள் அவசரம் தெரியும். ஸ்டேஷனே ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேருக்குப் பந்தோபஸ்து போயிருக்கிறது. உங்களை மட்டும் எனக்குக் காவல் வைத்துவிட்டார்கள். செத்த நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பதினெட்டு வருஷம் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். தளவாய்புரத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை, ஒற்றைக் காலில் நிற்கிற கூட்டத்திலும் யார் எங்கே ஏறினார், எங்கே இறங்க வேண்டும் என்று டிக்கெட்டைப் பார்க்காமல் சொல்வேன். ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கப் பார்த்த எவனும் என்னிடம் தப்பியதில்லை. அப்படிப்பட்டவனை மறதிக்காரன் என்று சர்க்கார் தாளில் எழுதினால் மனசு சங்கடப்படாதா?

இந்த டிஜிட்டல் டைரி பொன்னுராஜ் வாங்கிக் கொடுத்தது. முந்நூற்றைம்பது ரூபாய். கால்குலேட்டருக்கு அண்ணன், கம்ப்யூட்டருக்குத் தூரத்துச் சொந்தம். செல்போன் இன்னும் மில் முதலாளிகளின் இடுப்பைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்கவில்லையே. பொன்னுராஜ் பட்டாளத்தில் இருந்தவன். மனிதனுடைய எந்தக் கோளாறுக்கும் ஒரு கருவி இருக்கிறது என்று நம்புகிறவன். நல்லவன். அதுதான் அவனிடம் பெரிய தொந்தரவு.

வாங்கிய காரணம் உங்கள் தாளில் இல்லை. போன வருஷம் வைகாசியில் ஒருநாள் விடிந்த பிறகும் வேலியில் கரண்டு ஓடியது. மலையடியில் விறகு பொறுக்குகிற முத்துப்பேச்சி கம்பியில் பட்டுச் செத்துப்போனாள். நானும் பொன்னுராஜும் அவளைத் தூக்கிக்கொண்டுபோய் ஓடைக்கரையில் படுக்கவைத்தோம். ஊர் கூடிப் பார்த்துப் பாம்பு என்றது. கையிலிருந்த கருப்பு, விஷம் ஏறிய கருப்பு என்றும் அதுவே முடிவு செய்தது. நாலு பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசுவது மரியாதையில்லை என்று நான் பேசாமல் இருந்தேன்.

பொன்னுராஜ் மோட்டார் ரூமில் உட்கார்ந்து அழுதான். "மறதிதானே மச்சான். நீங்க என்ன, வேணும்னேவா செஞ்சிய?" என்றான். அவனே கேட்டு அவனே பதிலும் வைத்துக்கொண்டான். மறுவாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் போனவன், பாண்டிசெல்விக்குப் பால்கோவாவும் எனக்கு டைரியும் வாங்கி வந்தான். தினமும் காலை ஐந்தரைக்கு அலாரம், வேலியை அணைக்க. அவனே ஏற்றிக் கொடுத்தான்.

மருந்து வாங்கிக் கொடுத்தவன் முகத்துக்காகவாவது நோய் இருக்க வேண்டுமல்லவா? அதனால் மறக்க ஆரம்பித்தேன். குடையை டீக்கடையில் விட்டேன். ஒரு கல்யாணத்துக்கு மறுநாள் போய் மொய்க் கவரை நீட்டினேன். மாத்திரைக்கு, முடிவெட்டுவதற்கு, கேஸ் சிலிண்டருக்கு, சம்பந்தி வீட்டு விசேஷத்துக்கு என்று எல்லாவற்றையும் அதில் ஏற்றினேன். அது கத்தினால்தான் எழுந்திருப்பேன். ஐம்பது தாண்டினால் இப்படித்தான் என்று ஊர் எனக்காகப் பரிதாபப்பட்டது.

"அண்ணாச்சி, மூக்குச் சிந்துததுக்கும் அதுல அலாரம் இருக்கா?" என்பான் டீக்கடை வல்லரசு.

"இருக்குலே. நீ டீயில சீனி போடுததுக்குத்தான் இல்ல."

சிரிப்பார்கள். மறதிக்காரனை எல்லோருக்கும் பிடிக்கிறது. கண்டக்டராக இருந்தபோது ஒருத்தனும் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இந்த ஆடி பிறந்ததும் பொன்னுராஜ் முகம் கறுத்துப்போய் வந்தான்.

"மச்சான், முத்துப்பேச்சியோட ஆத்தா இருக்காள்ல. வெள்ளிக்கிழமை தவறாம புத்துக்குப் பால் ஊத்துதா. மக செஞ்ச தப்பைப் பொறுத்துக்கோ, மிச்சம் இருக்கவுகளை ஒண்ணும் செஞ்சிராதேன்னு அழுதா. இல்லாத பாம்புக்கு மச்சான்."

"ஊத்தட்டும் மாப்ள. அதுல அவளுக்கு ஒரு ஆறுதல்" என்றேன். நியாயமான பதில்தான்.

"இல்ல மச்சான். ஸ்டேஷன்ல போய்ச் சொல்லிருவோம். மறதி கொலையாகாது. நாம மறைச்சதுதான் தப்பு. தேரன்னிக்கு ரெண்டு பேரும் போய் வடத்தைத் தொட்டுக் கும்பிட்டுட்டு, பத்து மணிக்கு ஸ்டேஷன்ல இருக்கணும். டைரில ஏத்துங்க, மறந்துருவிய."

ஏற்றினேன். ஏறவில்லை. இந்த ஜாதி டைரியில் ஐம்பது அலாரம்தான் பிடிக்கும், ஐம்பதும் நிரம்பியிருந்தது. மெமரி ஃபுல் என்று இங்கிலீஷில் காட்டியது. பொன்னுராஜ் எட்டிப் பார்த்தான்.

"வேண்டாதது ஏதாச்சும் ஒண்ணை அழிச்சிருங்க மச்சான்."

நான் அவன் பேச்சைத் தட்டுவதில்லை. ஐந்தரையை அழித்தேன். ஐம்பத்தோராவது ஏறிக்கொண்டது. "ஏறிருச்சா?" என்றான். "ஏறிருச்சு மாப்ள" என்றேன். அவன் முகத்தில் ஒரு வருஷமாகப் பார்க்காத தெளிச்சி.

மறுநாள் காலை மோட்டார் ரூம் கட்டிலில் டைரியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்து இருபத்தொன்பது ஆனது. ஐந்தரை ஆனது. அது சத்தம் போடவில்லை. சத்தம் போடாத வேலையை நான் செய்வதில்லை என்பது ஊருக்கே தெரியும். ஆறு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது பொன்னுராஜ் மண்வெட்டியோடு மடை திறக்க வந்தான். வழக்கமாகக் கம்பியைத் தூக்கிவிட்டுக் குனிந்து நுழைவான். என்னை நம்பி அல்ல, டைரியை நம்பி. வேலி அமத்தியாச்சா என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் பொய் சொல்ல வேண்டி வந்திருக்கும். பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

பிறகு நடந்தது உங்கள் தாளில் சரியாக இருக்கிறது. பாண்டிசெல்விகூட என்னைத் திட்டவில்லை. "எங்கண்ணன் என்ன செய்யும், அதுக்குத்தான் மனசுல ஒண்ணும் தங்க மாட்டேங்கே" என்றுதான் ஒப்பாரிக்கு நடுவில் சொன்னாள். நீங்கள் அதைத்தான் ஏழாவது வரியாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வரி என்னை வெளியே கொண்டுவந்துவிடும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் எழுத்தில் பார்க்கும்போது பொறுக்கவில்லை.

இப்போது கத்தியது அந்த ஐம்பத்தோராவது அலாரம்தான். பத்து மணிக்கு ஸ்டேஷனில் இருக்கச் சொன்னான், இருக்கிறேன். அவனால் வர முடியாததால் அவன் சொல்ல வேண்டியதையும் நானே சொல்லிவிட்டேன். ஒரு விதத்தில் நல்லதுதான். அவன் வந்திருந்தால் தப்பாகச் சொல்லியிருப்பான். முத்துப்பேச்சி விஷயத்தில், "மச்சான் மறந்துட்டாரு" என்றுதான் சொல்லியிருப்பான். சாகிறவரை அப்படித்தான் நம்பினான், பாவம்.

முதல் நாள்தான் அவளிடம் சொல்லியிருந்தேன், உதிர்ந்த பழத்தைத் தொடாதே என்று. "மண்ணு திங்கப் போறதை நான் தின்னா என்ன அண்ணாச்சி?" என்று சிரித்தாள். பதினெட்டு வருஷத்தில் ஓசியில் ஒருத்தரையும் ஏற்றாதவன் நான். மறுநாள் விடிந்ததும் வேலிக்கு வெளியே குத்தவைத்து, கம்பிக்கு அடியில் கிடந்த சப்பட்டை மாம்பழத்துக்குக் கை நீட்டினாள். என் கை அப்போது சுவிட்சில் இருந்தது. அணைக்காமல் கையை எடுத்துக்கொண்டேன்.

ஒரு பக்கம் அணில் கடித்த பழம், ஏட்டையா. அதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.