எந்தப் படத்தில்

ஹவுகெட்டோ புறநகருக்குப் போகும் ரயிலில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு தமிழ்ப் பெண்கள். மூத்தவர் சப்பாத்திலிருந்த பனியைத் தட்டிவிட்டுத் திடீரென்று சொன்னார்:

“எங்கடை ஆள் செத்துப்போனார் எண்டு என்ரை மனுசனுக்கு நான் இன்னும் சொல்லேல்லை.”

“ஆரக்கா அது?”

“ஒரு அமெரிக்க நடிகர். கதாநாயகன் இல்லை. ஒரு படத்திலை நீதவானா வருவார், மற்றதிலை கள்ளன், இன்னொண்டிலை பாதிரியார். எந்த வேசத்திலை வந்தாலும் என்ரை மனுசன் உடனை ஆளைப் பிடிச்சிடுவார். ‘இந்தா, எங்கடை ஆள் வந்திட்டார். உவரும் என்னைப் போலை, குடுத்த வேலையெல்லாம் செய்வார்’ எண்டு சிரிப்பார். பேர் எங்களுக்குத் தெரியாது. முந்தநாள் செய்தியிலைதான் அறிஞ்சனான்.”

“அத்தானுக்கு அவரை இப்பவும் தெரியுதோ?”

“ஓம். முதியோர் இல்லத்து டிவியிலை வந்தால் இப்பவும் கை காட்டுவார். என்னைத்தான் தெரியேல்லை. காலமை அவருக்கு நான் நேர்ஸ், பின்னேரம் அவரின்ரை தங்கச்சி. தங்கச்சி எண்டால், ‘அண்ணை’ எண்டு கூப்பிட்டுத்தான் சோறு தீத்துவன்.”

இளையவர் கையுறையைக் கழற்றிவிட்டு அவருடைய கையைப் பிடித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காதைத் திருப்ப முடியவில்லை.

“நேற்று என்னையே கனநேரம் பாத்துக்கொண்டு இருந்தார். பிறகு நல்ல மரியாதையாக் கேட்டார், ‘உங்களை நான் எந்தப் படத்திலை பாத்தனான்?’ எண்டு.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“சின்ன வேசம்தான், உங்களுக்கு ஞாபகம் இராது எண்டு சொன்னனான்.”