அசையாத முள்

மாட்டின் வாலடியில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கும்போது என் கை நடுங்காது. பெரியப்பா வெர்லின் என்னிடம் மெச்சிய ஒரே விஷயம் அதுதான்.

நீங்கள் நகரத்து அதிகாரி என்பதால் சொல்கிறேன். விஸ்கான்சினில் எங்கள் பக்கத்துப் பண்ணைகளில் ஒவ்வொரு கிடேரிக்கும் ஒரு காந்தத்தை விழுங்க வைப்போம். தீவனத்தோடு கம்பித் துண்டு உள்ளே போனால் காந்தம் அதை வயிற்றிலேயே பிடித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் கம்பி இதயத்தைக் குத்தும். பெரியப்பாவின் பண்ணையில் காந்தம் போடுவது என் வேலை.

பிப்ரவரியில் பேர்ல் என்ற கறவை தீனி எடுக்கவில்லை. வெளியூரில் வாங்கிய மாடு, காந்தம் கிடையாது. அதன் ரத்தத்தை நான் படிக்கும் மாலை வகுப்பின் ஆய்வுக்கூடத்தில் சோதித்தேன். இதயத் தசை சிதைந்தால் ரத்தத்தில் கசியும் புரதம் இருபது மடங்கு ஏறியிருந்தது. பெரியப்பாவிடம் சொன்னேன்.

"அடேங்கப்பா, டாக்டரம்மா! நெஞ்சு வலிக்குதுன்னு அதுவே சொல்லிச்சா?"

"ஒரு சோபா வாங்கிப் போடுங்க, படுத்து ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றான் பால் வண்டி ஓட்டும் டுவைட். இருவரும் சிரித்தார்கள்.

நான்காம் நாள் பேர்ல் செத்தது. அறுத்துப் பார்த்தபோது இதயத்தில் கம்பி.

"குருட்டாம்போக்குல பலிச்சிருச்சு. ஒரு மாட்டை வெச்சு என்னத்தச் சொல்ல முடியும்?" என்றார் பெரியப்பா.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் சொன்னதில் நியாயம் இருந்ததால் இன்னும் எரிந்தது. குறிப்பேட்டில் அதை அப்படியே எழுதிவைத்தேன். ஒரு மாடு போதாதுதான். எனக்கே என்மேல் சந்தேகம்.

ஏப்ரலில் எட்டுக் கிடேரிகளுக்குக் காந்தம் போட வேண்டியிருந்தது. நான்குக்குப் போட்டேன். மற்ற நான்குக்கும் போட்டதாகச் சொன்னேன். பிறகு வேலிக் கம்பியை ஒரே நீளத்தில் வெட்டி, தீவன உருண்டைக்குள் வைத்து எட்டுக்கும் கொடுத்தேன். பாரபட்சம் காட்டவில்லை.

ஒருநாள் விட்டு ஒருநாள் ரத்தம் எடுத்தேன். காந்தம் இல்லாத நான்கில் மூன்றுக்கு அந்தப் புரதத்தின் எண் ஏறியது. முதுகைக் கூனிக்கொண்டு முனகின. பெரியப்பா அவற்றின் பக்கத்திலேயே வைக்கோலில் உட்கார்ந்திருந்தார்.

"உன் சோதனை என்னம்மா சொல்லுது, ஆஸ்ட்ரிட்? பொழைக்குமா?"

"ஒரு சோதனையை வெச்சு என்னத்தச் சொல்ல முடியும், பெரியப்பா?"

அவர் எழுந்துபோய் வேட்டைக்குக் கொண்டுபோகும் திசைகாட்டியை எடுத்துவந்து கிடேரியின் விலாவில் வைத்தார். உள்ளே காந்தம் இருந்தால் முள் திரும்பும். திரும்பவில்லை. என்னைப் பார்த்தார். அப்புறம்தான் உங்களை அழைத்தார்.

முதலிலேயே அவர் நம்பியிருந்தால் இந்த மூன்றும் செத்திருக்காது. அந்தப் பண்ணையில் மாடுகள்மேல் அக்கறை உள்ளவள் நான் ஒருத்திதான்.

காந்தம் இல்லாத நான்காவது கிடேரி இன்னும் நன்றாகத் தின்கிறது. அதன் எண் ஏறவே இல்லை. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. கம்பி கொடுத்து நாளை பதினான்காம் நாள். அதன் ரத்தத்தை மட்டும் யாரையாவது எடுத்துவரச் சொல்லுங்கள்.