பாதி நேரம்

எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் நன்றாக ஓடும். வாங்கிய நாளிலிருந்து ஒரு பழுது இல்லை. நடந்ததற்கு அதைக் குறை சொல்வது நியாயமில்லை.

என் தங்கை ருக்மணிக்கு இங்கிலாந்து போய் ஆசிரியர் பயிற்சி எடுக்க ஆசை. மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், வரப்போகிறது, பள்ளிகளுக்கு ஆள் வேண்டும் என்று அரசாங்கமே செலவு செய்து பிள்ளைகளைக் கப்பலேற்றிய காலம். அதற்கு ஒரு நுழைவுத் தேர்வு உண்டு. கணக்கில் அவளை அசைக்க முடியாது. ஆங்கிலத் தாள்தான் வில்லங்கம். முதலில் சொற்பொருள், எதிர்ச்சொல் என்று சில்லறைக் கேள்விகள் வரும். கடைசியில் ஒரு நீண்ட பத்தியும் அதைப் பற்றிய கேள்விகளும். மதிப்பெண்ணில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. நேரத்தைப் பங்கிடத் தெரியாதவர்கள் அங்கே போய்ச் சேர்வதே இல்லை. நானும் ஒரு காலத்தில் போய்ச் சேராதவன்தான்.

"நீங்களே சொல்லிக் கொடுங்கண்ணே," என்றாள். எந்த அண்ணன் மாட்டேன் என்பான்? எங்கள் ஊர் காஜா பெராங்கில் எங்களைத் தெரியாதவர்கள் கிடையாது.

என் மனைவி விஜயா இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அதிக நேரம் நிற்க முடியாதவள். சமையல், துணி, பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்புவது எல்லாம் ருக்மணிதான். ஆள் வைக்கலாம் என்பீர்கள். வேற்றாள் சமையல் என் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது.

என் முறை எளிமையானது. கடிகாரம் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி அவளை உட்காரவைப்பேன். "கடிகாரத்தைப் பார்த்தால் கவனம் சிதறும். நீ கேள்வியைப் பார், நேரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்," என்பேன். 'பாதி நேரம் ஆச்சு' என்று நான் சொல்லும்போது முக்கால்வாசி போயிருக்கும். 'முடிந்தது' என்பதையும் தாமதமாகவே சொல்வேன். நிதானமாக எழுதுவாள். எல்லாக் கேள்வியும் முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததே இல்லை. அதில் எனக்கும் பெருமைதான்.

தேர்வு மண்டபத்தில் கடிகாரம் அவளுக்கு நேர் எதிரிலேயே இருந்ததாம். அவள் நிமிரவில்லை. சொன்ன சொல் கேட்கிற பெண்.

"பத்தியைத் தொடவே இல்லண்ணே. அதுக்குள்ள மணி அடிச்சிட்டாங்க," என்று வந்து அழுதாள். எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. நானே கடைத்தெருவுக்குப் போய் அவளுக்குத் தேங்காய்ப்பால் விட்ட குளுகுளு செண்டோல் வாங்கி வந்தேன்.

மறுவருடமும் எழுதினாள். மறுவருடமும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். முந்தைய வருடத்தைவிட இன்னும் கொஞ்சம் தாராளமாகவே நேரம் கொடுத்தேன். நாடு சுதந்திரம் அடைந்த சில மாதங்களில் அவளுக்குத் தேர்வெழுதும் வயது கடந்துவிட்டது.

அதே வருடம் பக்கத்து வீட்டு அப்துல் சமதுவின் மூத்த மகள் ஷரீஃபா தேறிக் கப்பலேறினாள். சுமாரான ஆங்கிலம்தான். ருக்மணி துறைமுகம்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தாள். வந்து, வழக்கம்போல் உலை வைத்தாள். நான் செய்தது தெரிந்திருந்தால் சும்மா இருப்பாளா?

இப்போது ஷரீஃபாவின் தங்கை, சித்தி என்று பெயர், மாலை வேளைகளில் எங்கள் வீட்டுக்கு வருகிறாள். ருக்மணிதான் சொல்லிக் கொடுக்கிறாள். நேற்று நான் நாற்காலியில் சாய்ந்திருந்தேன். சித்தியைக் கடிகாரத்துக்கு எதிரே உட்காரவைத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே எழுதும்மா. நேரத்தை நான் பாத்துக்குறேன்னு யார் சொன்னாலும் நம்பாத. நான் சொன்னாலும் நம்பாத."

சித்தி எழுதி முடிக்கும்வரை அவள் அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. பிறகு எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். ஆறிப்போயிருந்தது. இத்தனை வருடத்தில் அப்படி ஒருநாளும் கொடுத்ததில்லை.

கடிகாரத்தைப் பார்த்தால் கவனம் சிதறும் என்று நான் அப்போதே சொன்னேன்.