சரி, பத்திரம்

எங்கள் அலுவலகத்து அரட்டைச் செயலி ரொம்பப் பழையது. அதற்குப் படம் அனுப்பத் தெரியாது. லிஃப்ட் மெக்கானிக்குகள் எடுக்கும் படத்தை எழுத்துகளாக மாற்றி அனுப்பி, மறுமுனையில் திரும்பவும் படமாக்கும் நிரலை நான்தான் எழுதினேன். சில சமயம் படம் விரியாமல், வெறும் எழுத்துக் குப்பையாகத் திரையில் நிற்கும். யாரும் கண்டுகொள்வதில்லை.

கட்டுப்பாட்டு அறையில் அக்கா. கட்டடங்களில் மாமா, அவள் கணவர். லிஃப்டுக்கு அடியிலுள்ள பள்ளத்தில் இறங்கும்முன் "இறங்குறேன்" என்று எழுதுவார். அக்கா தன் அறையிலிருந்தே லிஃப்டை நிறுத்திவிட்டு, "சரி, பத்திரம்" என்று பதில் போடுவாள்.

மூவரும் ஒரே வீடு. மாமா நல்லவர்தான். சாப்பிட உட்கார்ந்தால், "என்ன மச்சான், கம்ப்யூட்டருக்கு ஊட்டியாச்சா? இனி நீயும் ரெண்டு வாய் சாப்பிடு" என்பார். ஆனால் நான் சமையலறைக்குள் நுழைந்தால் இருவரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அதனால் அவர்களுடைய அரட்டையைப் படிக்க வேண்டியதாயிற்று. வேறு ஊரில் வீடு பார்த்திருந்தார்கள்.

"தம்பிகிட்ட எப்படிங்க சொல்றது?"

"போய்ச் சேர்ந்துட்டுச் சொல்லிக்கலாம், விடு."

நிரலில் நான்கு வரி சேர்த்தேன். மாமாவிடமிருந்து "இறங்குறேன்" வந்தால் மட்டும், அக்காவின் திரையில் அது எழுத்துக் குப்பையாகத் தெரியும். அவள் பெயரில் "சரி, பத்திரம்" என்று அவருக்குத் தானாகப் பதில் போகும். ஒரு சொல்லைக்கூட நான் அழிக்கவில்லை, ஐயா. தெரிந்தவர்கள் அவிழ்த்துப் படித்துக்கொள்ளலாம்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அது வந்தது. அக்கா நாற்காலியைத் திருப்பி, "டேய், உங்க மாமா அனுப்பின படம் திறக்கல, கொஞ்சம் பாரேன்" என்றாள்.

எழுந்துபோய்ப் பார்த்தேன். படித்தேன்.

"பாதியில அறுந்திருக்கும்க்கா. வேணும்னா திரும்ப அனுப்புவாரு."

லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. நான்காம் மாடியில் யாரோ ஏறி, கீழ்த்தளத்துக்குப் பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். அவர்கள்மேல் எந்தத் தப்பும் இல்லை.

மாமாவின் போனில் அந்தப் பதிலைப் பார்த்துவிட்டு நீங்கள் அக்காவைச் சந்தேகிக்கிறீர்கள். இரண்டு நாளாகப் பக்கத்து அறையில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அவள் பெயரில் பதில் எழுதியது நான். லிஃப்ட் நிற்காமல் பார்த்துக்கொண்டதும் நான்.

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். எங்களைச் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள். அவளுக்கு இனி என்னை விட்டால் யாரும் இல்லை.