ஆறாம் நாள் உபயம்

எனக்கு மைக் பிடிக்கும். எழுபத்திரண்டு வயதுக்காரன் எடுத்த எடுப்பிலேயே இப்படிச் சொல்வது நன்றாக இல்லைதான். ஆனால் நீங்கள் கோலா கிளாவாங்கில் ஒரு முதியோர் இல்லம் தொடங்கப் போவதாகவும், எங்கள் இல்லம் மட்டும் எப்படி இவ்வளவு கலகலப்பாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வந்திருப்பதாகவும் அகதா சொன்னார். இல்லத்தைக் கவனித்துக்கொள்ளும் அந்த அம்மா நல்லவர். எல்லாவற்றுக்கும் காரணம் இந்த விசுவநாதன்தான் என்று நம்பி, உங்களை நேரே என்னிடம் அனுப்பிவிட்டார். நானும் மறுக்கப் போவதில்லை.

இந்த ரப்பர் தோட்டத்தில்தான் கிராணியாக, அதாவது கணக்கு எழுதி ஆள்களை வேலைக்கு அனுப்புகிறவனாக இருந்தேன். விடிவதற்கு முன்பே பால்வெட்டுக்காரர்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவேன். அதைப் பெரட்டு என்போம். ஓய்வு பெற்றதும் கூப்பிடுவதற்குப் பெயரே இல்லாமல் போயிற்று. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். சிரம்பானில் மகன் ஓர் அறை கொடுத்தான். அங்கே அந்த வீட்டு நாய்கூட என் குரலுக்கு வராது. தோட்டத்தின் ஓரத்தில் தொழிலாளர்கள் குடியிருந்த பழைய லயத்தைப் பழுதுபார்த்து முதியோர் இல்லம் ஆக்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வந்த வாரமே பெரட்டைத் தொடங்கினேன். கிழங்கள் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு பெயர் கூப்பிடுவதற்கு முன்பே தலை வாரி, விபூதி பூசி வந்து நின்றார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இருந்தால் எழுந்திருக்கத் தோன்றும். உங்கள் இல்லத்திலும் செய்து பாருங்கள். பெரட்டு முடிந்ததும் காய்கறிப் பாத்தி, பிறகு கேரம், ஞாயிற்றுக்கிழமை வேனில் பகாவ் பாசார். எங்களோடு இருக்கும் மங்கம்மா கும்மிக்கு ஆள் சேர்த்தாள். நான் தலைவன் மாதிரி நடுவில் நின்றேன். யாரும் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை.

ராமசாமி என் பக்கத்து அறை. என்னிடம் பெரட்டில் நின்ற பழைய பால்வெட்டுக்காரன். நான் பெயர் கூப்பிட்டால் மற்றவர்கள் "ஐயா" என்பார்கள். அவன் மட்டும், "இன்னும் சாகல, கிராணி ஐயா" என்பான். தினமும் அதே பதில், தினமும் எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கு அவனைப் பிடிக்கும். இங்கே எனக்கு நண்பன் என்றால் அவன்தான்.

எங்களுக்கு ஒரே ஒரு குறை இருந்தது. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் ஒவ்வொரு நாள் பூசையையும் ஒரு பிரிவார் ஏற்று நடத்துவார்கள். லோரி ஓட்டுநர்களுக்கு ஒரு நாள், தொழிற்சாலைக்காரர்களுக்கு ஒரு நாள். எங்களுக்கு மிஞ்சிய பொங்கல் வாளியில் வரும். மகன் வீட்டில் பட்ட அவமானத்தைவிட அந்த வாளிதான் என்னை அதிகம் சுட்டது. கோயில் தலைவர் கண்ணப்பனிடம் நடையாய் நடந்தேன். கடைசியில் எண்பத்தாறாம் வருஷம் ஆறாம் நாள் உபயத்தை எங்களுக்குத் தர இசைந்தார். ஆனாலும் இல்லத்துக்கே வந்து எல்லார் முன்னிலையிலும் தயங்கினார்.

"தப்பா நினைக்காதீங்க ஐயா. எல்லாம் வயசானவங்க. அன்னிக்குன்னு பாத்து யாராச்சும் போயிட்டா சாமி ஊர்வலம் என்னாவறது?"

அவர் கேட்டது நியாயம். தோட்டத்து எல்லைக்குள் பிணம் கிடந்தால் கோயில் நடையைச் சாத்திவிடுவார்கள். சாவு விழுந்த வீட்டுக்கு உபயமும் கிடையாது.

"எங்க ஆளுங்க யாரும் அன்னிக்குச் சாக மாட்டாங்க லா. நான் பொறுப்பு" என்றேன்.

எல்லாரும் கைதட்டினார்கள். ராமசாமிதான் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினான்.

ஆறாம் நாள் காலையில் இல்லமே கல்யாண வீடாக இருந்தது. ஓட்டுநர் மைக்கல்ராஜ் இல்லத்து வேனில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார். ராமசாமியின் அறைக்குப் போனேன். கட்டிலில் நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். பனியன் முழுக்க வேர்வை. நான் அந்தக் காலத்துக் கிராணி. காய்ச்சல் என்று வந்து நிற்பவனை, வெயில் ஏறினால் சரியாகிவிடும் என்று காட்டுக்குள் அனுப்பிப் பழகியவன். அவனிடமும் அதையே சொன்னேன். அனுபவம் வீண் போகக் கூடாது அல்லவா.

"நீங்க போங்க ஐயா, நான் படுத்திருக்கேன்" என்று அவனே சொன்னதாகப் பிறகு எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். அவன் சொன்னது வேறு. "மைக்கல வேன எடுக்கச் சொல்லுங்க, கிராணி ஐயா. கோலா பிலா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா பொழச்சிக்குவேன்" என்றான்.

என் கையில் காப்புக் கட்டியிருந்தது. காப்புக் கட்டியவன் திருவிழா முடியும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. அதனால்தான் போக முடியவில்லை என்று சொன்னேன், எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். வேன் ஓட்டும் மைக்கல்ராஜ் மாதா கோயிலுக்குப் போகிறவர், அவருக்கு எந்தக் காப்பும் இல்லை என்பதை ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை. கிராணி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பழகிய ஜனங்கள்.

வாசலில் கண்ணப்பன் எங்களை அழைத்துப் போக வந்து நின்றார். இந்தக் கோலத்தில் ராமசாமி வெளியே வந்தால் உபயம் கைமாறிவிடும். அவனைப் படுக்க வைத்துத் தலைமாட்டில் தண்ணீர் வைத்தேன். ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். வெளியே வந்து தாழ்ப்பாளைப் போட்டேன். பூட்டவில்லை, அதைக் கவனிக்க வேண்டும். லயத்துக் கதவு, வெளியிலும் தாழ்ப்பாள் உண்டு.

உபயம் பிரமாதம். மங்கம்மாவின் கும்மியைப் பார்க்கத் தோட்டமே திரண்டது. எங்கள் கேசரிக்கு வரிசை நின்றது. அந்த வரிசையில், எங்களுக்கு வாளி அனுப்பியவர்களும் தட்டோடு நின்றார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை சந்தோஷமாக நான் என் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

மத்தியானம் சர்க்கரை போதவில்லை என்று இல்லத்துக்கு வந்தேன். ரேடியோவில் பாட்டு முடிந்து செய்தி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து கதவை யாரோ தட்டுவது கேட்டது. யாரோ என்ன, அவன்தான். தட்டுவதில் பலம் இல்லை. நான் கதவருகே போய் நின்றேன். பழக்க தோஷம், பெயரைக் கூப்பிட்டேன்.

"ராமசாமி."

உள்ளேயிருந்து பதில் வந்தது.

"இன்னும் சாகல, கிராணி ஐயா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேலி பேசத் தெம்பிருக்கிறவனுக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்றா சொன்னேன்? இல்லை, அப்படி நினைக்கவில்லை. அவன் செத்துக்கொண்டிருக்கிறான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கை தாழ்ப்பாளில்தான் இருந்தது. அப்போது கோயில் பக்கமிருந்து மைக்கில், "இந்த உபயத்தை முன்னின்று நடத்தும் திரு விசுவநாதன் அவர்கள் மேடைக்கு வரவும்" என்று கூப்பிட்டார்கள். என் பெயரை அப்படி யாரும் கூப்பிட்டதே இல்லை. சர்க்கரையை எடுத்துக்கொண்டு போனேன்.

நன்றாகப் பேசினேன் என்றார்கள்.

சாமி ஊர்வலம் திரும்பி வந்தபின் தாழ்ப்பாளை எடுத்தேன். கதவோரத்தில் விழுந்து கிடந்தான். உடம்பில் சூடில்லை. மயக்கம் என்று சொல்லி வேனில் ஏற்றினேன். மைக்கல்ராஜ் வாழைமரத்தை அவிழ்க்கக்கூட நிற்காமல், ஜெபம் சொல்லிக்கொண்டே கோலா பிலாவுக்குப் பறந்தாராம். ஆக, ஊரார் கணக்கில் ராமசாமி இறந்தது ஆஸ்பத்திரியில், எல்லைக்கு வெளியே. ஏழாம் நாள் பூசைக்கு ஒரு குறையும் வரவில்லை. நான் கொடுத்த வாக்கும் பிசகவில்லை. அன்றிலிருந்து ஆறாம் நாள் எங்களுடையது. வாளி நின்றுபோயிற்று.

இன்றும் பெரட்டில் அவன் பெயரைக் கூப்பிடுகிறேன். நண்பனை மறக்காத மனுஷன் என்று அகதா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். பதில் வராத அந்தச் சில நொடிகள் எனக்குப் பயமாக இருக்கும். பிறகு அடுத்த பெயருக்குப் போய்விடுவேன்.

இதையெல்லாம் ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்றால், கேட்டது நீங்கள்தான். இவ்வளவு கவனமாக என் பேச்சை யாராவது கேட்டு ரொம்ப நாளாயிற்று. உங்கள் இல்லத்தில் கதவுகளுக்கு வெளித் தாழ்ப்பாள் வைக்காதீர்கள். போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றினால் சொல்லுங்கள், நான் எங்கும் ஓடப் போவதில்லை. இல்லை என்றால், திறப்பு விழாவில் நாலு வார்த்தை பேச ஆள் தேவைப்படுமே, ஒரு சொல் சொல்லி அனுப்புங்கள். மைக் மட்டும் கொஞ்சம் நல்லதாக இருக்கட்டும்.